கைராசி இல்லாதவள் வைத்த தண்ணீர்

பால் குடித்து முடித்த கன்றின் வாய்க்குள் இராமலெட்சுமி ஒரு பிடி தீனைத் திணித்தாள். சோளமும் சோயாவும் அரைத்து உருட்டிய கன்றுத் தீன். கன்று பாதியைத் துப்பியது, மீதியை மென்றது, பிறகு பக்கத்து வாளிக்குள் மூக்கை விட்டுத் தண்ணீரை உறிஞ்சியது.

கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில்தான் அந்தக் காளைக்கன்று நின்றது. இராஜநாயகம் வேண்டாமென்று தள்ளிய கன்று அது. அவர் அடுத்த ஒழுங்கையில் ஐந்து பசு வைத்துப் பால் விற்பவர். அவருடைய தொழுவத்தில் இராமலெட்சுமி பதினொரு வருடம் வேலை செய்தாள்.

பால்குடிக் கன்றுக்கு வாளியில் தண்ணீர் வைத்தால் வயிற்றால் போகும் என்பது இராஜநாயகத்தின் நம்பிக்கை. அதனால் கன்றின் பாலிலேயே தண்ணீரைக் கலந்துவிடுவார். தண்ணீரும் கொடுத்தாயிற்று, விற்கப் பாலும் மிஞ்சிற்று. ஆனால் கன்றின் வயிற்றில் பாலுக்கு ஓர் அறை, தீனுக்கு வேறோர் அறை; பாலோடு கலந்த தண்ணீர் பால் போகும் வயிற்றுக்கே போய்விடும். தீன் ஊறும் வயிறு காய்ந்தபடி கிடக்கும். படுக்கையில் கிடப்பவருக்குச் சோறூட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்டை காய்ந்தவர் சாப்பிடமாட்டார்.

இரண்டு கன்றுகள் செத்தன. வாளி வைக்கச் சொல்லி அவள் எத்தனையோ தரம் கேட்டிருந்தாள். அவரோ, பால் வாங்க வந்த சனத்துக்கு முன்னால், "இவளுக்குக் கைராசி இல்ல. இவள் தொட்டால் குட்டி தங்காது," என்றார். பிறகு மெலிந்த காளைக்கன்றை இழுத்து விட்டு, "உம்மட கைக்கு இது காணும், கொண்டு போம்," என்று அனுப்பிவிட்டார்.

வேலை போனதைவிட மோசமான ஒன்று நடந்தது. பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்ட அவளைக் கூப்பிடும் வீடுகள் கூப்பிடுவதை நிறுத்தின.

"விட்டிடுங்கோ அக்கா, கடவுள் பாத்துக்கொள்ளுவார்," என்று பக்கத்து வீட்டு றஞ்சிதம் சொன்னாள்.

"கடவுளுக்கு ஆயிரம் வேல. இத நானே பாக்கிறன்."

ஒவ்வொரு நாளும் பழைய தீனைக் கொட்டிப் புதிதாக வைத்தாள். வாளியில் தண்ணீர் குறையவே விடவில்லை. இரண்டு மாதத்தில் காளைக்கன்று பளபளத்தது. மாலையில் அதைக் கயிற்றில் பிடித்து இராஜநாயகத்தின் வாசல் வழியாகவே நடத்திப் போவாள். வேறு வழியும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இராஜநாயகம் அவள் கொட்டிலுக்கு வந்தார். அவருடைய தொழுவத்தில் நல்ல பசு ஈன்ற பசுக்கன்று நின்றது, பிறந்து மூன்று வாரம். தீனை முகர்ந்தும் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது.

"ஒருக்கா வந்து பாருமன்," என்றார்.

"என்ர கைக்கு ராசி இல்லையே ஐயா. செத்துப்போனா?"

"அது அந்த நேரம் கோவத்தில சொன்னது."

"சனத்துக்கு முன்னாலதானே சொன்னீங்க? நாளைக்குக் காலமை அதே சனத்துக்கு முன்னால சொல்லுங்க, ஏன் செத்ததெண்டு."

இராமலெட்சுமி தன் வாளியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னே அவர் தொழுவத்துக்குப் போனாள். கன்றுக்குத் தண்ணீர் கலக்காத பால் கொடுக்கச் செய்தாள். சிறிது நேரம் விட்டு வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தாள். கன்று தலையை எடுக்காமல் குடித்தது. அவள் தண்ணீர் வைத்ததை இரக்கம் என்று நான் சொல்லமாட்டேன். செத்த கன்றை வைத்துக்கொண்டு அவள் யாரிடம் கணக்குத் தீர்ப்பது?

பிறகு வாளியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டாள். "மிச்சம் காலமை. நீங்க சொன்ன பிறகு."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொழுவத்து வாசலில் பால் வாங்கப் பன்னிரண்டு பேர் போத்தலோடு நின்றார்கள். இராஜநாயகம் நிலத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"பின்னால நிக்கிற ரொஷேலுக்குக் கேக்கேல்ல ஐயா," என்றாள் இராமலெட்சுமி.

"ரெண்டு கன்றும் நான் தண்ணி வைக்க விடாததால செத்தது. இவவில பிழை இல்ல," என்றார் உரத்து.

"நல்லது. மாலனி நோனாவுக்குத் தமிழ் விளங்காது. இனிச் சிங்களத்திலயும் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிங்களத்திலும் சொன்னார். அதைக் கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டுத்தான் அவள் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள்.