நைனா ஃபார்வர்ட் செய்த வாக்கியம்

எங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் யாரும் உண்மை எழுதியதில்லை. பொய் எழுதினோம் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் அது உதாரணம், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படி. 'என் அப்பா ஒரு டாக்டர்' என்று நான் எழுதுவேன். பக்கத்தில் இருப்பவளின் அப்பாவும் டாக்டராகவே இருப்பார். உண்மையில் பாதிப் பேரின் அப்பாக்கள் விசைத்தறி ஓட்டினார்கள், மீதிப் பேர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். டீச்சருக்கும் அது தெரியும். ஒரு நாளும் அவர் யாரையும் பார்த்து 'உங்கப்பா எந்த ஆஸ்பத்திரி' என்று கேட்டதில்லை. வாக்கியம் சரியாக இருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்த பிறகும் இது மாறவில்லை. இலக்கியம் என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். இருந்தது கைடு. முதல் வருடம் ஒரு நாடகம் பாடமாக இருந்தது. அதில் ஒருத்தி யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். அடக்கமானவள், கீழ்ப்படிகிறவள், எல்லோருக்கும் பிடித்தவள் என்று கைடில் போட்டிருந்தது. அப்படியே எழுதினால் ஐந்து மார்க். எனக்கு அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து தொலையேன்டி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அடக்கமானவள் என்று எழுதி ஐந்து மார்க்கை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு இஷ்டமா என்று அந்த நாடகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வித்தாளிலும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் புதிதாக ஒரு மேடம் வந்தார். அரக்கோணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நல்லவர், எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். எப்போதும் ஃபோனை நோண்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், அதிலேயே படித்துத் தொலையுங்கள் என்று ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போடுவார். அதை வைத்து நாங்களே ஒரு வாக்கியம் எழுதிக் குழுவில் போட வேண்டும். அதையே எங்கள் ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் தப்பில்லாமல் எழுதுவீர்கள் என்பது அவர் கணக்கு.

'பிரேவ்' என்று முதல் சொல் வந்தது. 'ராஜா தைரியசாலி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். எந்த ராஜாவோ, யாருக்குத் தெரியும். ஆனால் என் நைனா அதைப் பார்த்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஊரிலேயே ஒரு ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஆங்கிலம் மட்டும் எழுத்து எழுத்தாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்டேட்டஸைத் திறந்து, தறி ஓட்டும் எல்லோரிடமும் நீட்டுவாராம். 'எங்க பாப்பா இங்கிலீஷுல எழுதிகினு இருக்குது பாரு' என்பாராம். அவர்களும் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களாம். பிறகு நைனா ஒரு கட்டைவிரலை எனக்கு அனுப்பிவைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. கல்லூரியில் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்த ஆனி மாதத்தில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனாவின் அக்கா. கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக டிபன் கடை வைத்திருக்கிறாள். நான் பிறந்த அன்றைக்கே அத்தை வந்து, சர்க்கரைத் தண்ணீரை என் நாக்கில் தொட்டுவைத்து, இது என் மருமகள் என்று சொல்லிவிட்டாளாம். நைனாவும் சரி என்றாராம். இதை எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போய்க் காவடி செலுத்திவிட்டு, ஆவணியில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னாள். படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது, வேண்டுமானால் பிறகு தபாலில் படிக்கட்டும், இப்போதைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

பாவா, அதாவது அத்தை மகன், கெட்டவர் இல்லை. அரக்கோணத்தில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். தன்மையான மனுஷன். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. குடிக்கிறவராகவோ அடிக்கிறவராகவோ இருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கும். எனக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று: இஷ்டமில்லை. மூன்றாம் வருட பெஞ்சில் நான் உட்கார வேண்டும். அதற்கு மேல் பெரிய கனவெல்லாம் கிடையாது.

அம்மாவிடம் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 'வாய மூடு. உங்க நைனா காதுல வுழப்போவுது' என்றாள். நைனா கோபப்படுவார் என்று அவள் பயப்படவில்லை. தாங்கமாட்டார் என்றுதான் பயந்தாள். தாத்தா போன பிறகு நைனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, சோறு போட்டது எல்லாம் அந்த அக்காதான். அக்காவிடம் இல்லை என்று நைனா வாழ்க்கையில் சொன்னதே கிடையாது. அம்மா திரும்ப அடுப்பைப் பற்றவைத்தாள். என் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் மேடம் போட்ட சொல் 'பிராமிஸ்'. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, 'என் தந்தை என்னைக் கேட்காமல் ஒரு வாக்குக் கொடுத்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏறியதும் ஃபோனைத் திறந்தேன். எடுத்துவிடலாமா என்று பார்த்தால் சிக்னல் இல்லை. திருத்தணி வந்து இறங்கும்போது ஃபோன் உயிர் பெற்றது. மேடம் 'குட்' என்று போட்டிருந்தார். நைனா கட்டைவிரல் அனுப்பியிருந்தார். அத்தை சிவப்பு ஹார்ட் ஒன்றை விட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். அழுகைதான் வந்தது.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. பட்டவர்த்தனமாக எழுத ஆரம்பித்தேன். 'ஆப்லிகேஷன்', அதாவது கடமை, என்ற சொல் வந்தபோது, ஒரு கடையின் கல்லாவுக்கு என்னைக் கடனாகக் கொடுக்கிறார்கள் என்று எழுதினேன். 'சைலன்ஸ்' வந்தபோது, என் தாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்று எழுதினேன். வகுப்புத் தோழிகள் பார்த்தார்கள், சூப்பர்டி என்றார்கள். என் வாக்கியத்தில் எந்தக் காலம் வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். ஒருத்தியாவது, என்னடி ஆச்சு உனக்கு என்று கேட்பாளா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, பக்கத்து பெஞ்சுக்காரியின் வாக்கியத்தில் அவள் அண்ணன் பைலட் என்று இருந்தபோது நானும் கேட்டேனா?

ஆடி பிறந்து ஊரெல்லாம் காவடி பேச்சாக இருந்த ஒரு காலையில் 'ரிலக்டன்ட்' வந்தது. மனசில்லாமல், இஷ்டமில்லாமல் என்று அகராதியில் போட்டிருந்தது. தமிழில் சொல் இல்லாமல் இல்லை. மனசில்லை என்கிறோம், எத்தனை அழகான சொல். ஆனால் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புக்குக்கூட நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'எனக்குத் திருமணம் செய்துகொள்ள மனமில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சிறிய வாக்கியம். மேடம் 'நைஸ் சென்டன்ஸ்' என்று போட்டார். வகுப்பில் எல்லோருக்கும் முன்மாதிரியாக அதைக் குழுவின் தலையில் 'பின்' செய்தும் வைத்தார்.

அன்றைக்குப் பார்த்து நைனாவுக்குக் கட்டைவிரல் போதவில்லை. அந்த வாக்கியத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் ஃபார்வர்ட் செய்துவிட்டார். அடியில் தமிழில் 'எங்கள் பாப்பா எழுதியது' என்று அவரே தட்டியிருந்தார். சித்தப்பா கைதட்டல் போட்டார். ஆர்.கே.பேட்டை மாமா பூங்கொத்து வைத்தார். வரப்போகும் மாமியார் ஹார்ட் விட்டாள். தன் பெண் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதை, நைனா தன் கையாலேயே மாப்பிள்ளை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சேர்த்தவருக்கும் தெரியவில்லை, வாங்கினவளுக்கும் தெரியவில்லை.

குழுவில் எதுவும் போடாமல் இருந்தவர் பாவா ஒருவர்தான்.

மறுநாள் சாயங்காலம் நான் கல்லூரி முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பாவா நின்றுகொண்டிருந்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய கூட்டம் பஸ்ஸுக்கு முட்டிக்கொண்டிருந்தது. ஓரமாக வா என்று கையைக் காட்டினார். ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பிறகு கேட்டார்.

"நீ எழுதனது நெஜமா, இல்ல பாடத்துக்கு எழுதனதா?"

அத்தனை நாளாக அத்தனை பேர் பார்த்தார்களே, இதை ஒரு பிள்ளையாவது கேட்கக்கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். பாடத்துக்குத்தான் பாவா என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக பஸ் ஏறிப் போயிருப்பார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை பாவத்துக்கும் நடுவில், நிஜம் என்று சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். மெஷினோடு வரும் காகிதத்தில் எல்லாம் ஆங்கிலம்தானே, தட்டுத்தடுமாறிப் படிப்பேன், முதலில் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று ரெண்டு மூணு தடவை பார்த்தேன் என்றார். அப்புறம், "உங்க நைனா கிட்ட நீயே சொல்லிடு. தமிழ்ல சொல்லு. என் வாயால சொல்ல வெக்காத" என்றார். என் பஸ் வந்ததும் அவரே கூட்டத்தை விலக்கி ஏற்றிவிட்டார்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஷெட்டுக்குப் போனேன். தறி ஓடும்போது அங்கே பேசினால் காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். என் வாயசைவை மற்றவர்களும் பார்த்துவிடக் கூடாதே என்று, வெளியே வாருங்கள் என்று கையைக் காட்டினேன். நைனா பதறிப்போய் தறியை நிறுத்திவிட்டு வந்தார். தலையெல்லாம் பஞ்சு. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஃபோனை வாங்கி அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத் திறந்து காட்டி, "நைனா, எனக்குக் கல்யாணம் பண்ணிக்க மனசில்ல. அதான் இதுல எழுதிக்கிறேன்" என்றேன்.

நைனா ஃபோனைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். என்ன புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இத்த நான் ஷெட்டு முழுக்கக் காட்னனே" என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது, இதற்கு முன்னால் போட்டதெல்லாமும் இப்படித்தானா என்று கேட்டார். ஆங் நைனா என்றேன். ஒன்றைக்கூட என்னவென்று சொல்லச் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உட்காராமலே அத்தைக்கு ஃபோன் போட்டார். வேண்டாம், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று அம்மா தடுத்தாள். அவர் கேட்கவில்லை. "க்கா, ஆவணி வேணாங்க்கா. பாப்பாவுக்கு மனசில்ல" என்றார். மனசில்லை என்ற சொல்லை எங்கள் வீட்டில் நைனா வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அத்தை முதலில் தெலுங்கில் கத்தினாள், அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான். நாக்கில் தொட்டுவைத்த சர்க்கரைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாள். பெண் எப்போது சொன்னாள் என்று அத்தை கேட்டிருக்க வேண்டும். குழுவில் நேற்றுப் போட்டேனே, அதுதான் என்றார் நைனா. அந்தப் பக்கம் சத்தம் நின்றது. பிறகு அத்தை பேசியது தமிழில், மெதுவாக. ஃபோனுக்கு வெளியே அம்மாவுக்கும் எனக்கும் நன்றாகவே கேட்டது.

"உம் பொண்ணு எம் மூஞ்சில துப்பனத நீயே கொண்டாந்து குட்த்திருக்கிற. நான் அதுக்கு ஹார்ட்டு வுட்டுகினு இருந்துக்கிறேன்."

"எனக்குப் படிக்கத் தெரிலக்கா" என்றார் நைனா. அக்காவிடம் ஒரு சின்னப் பிள்ளை சொல்வதைப் போலச் சொன்னார். அத்தை அதற்குள் ஃபோனை வைத்துவிட்டாள்.

நைனா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவர் தொடவில்லை. ஃபோன் ஒரு தடவை ஒலித்தது. அத்தைதான் கூப்பிடுகிறாள் என்று அவசரமாக எடுத்தார். குடும்பக் குழு திறந்திருந்தது. கைதட்டலுக்கும் பூங்கொத்துக்கும் கீழே சின்னதாக ஒரு வரி, அத்தையின் பெயர், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'லெஃப்ட்' என்று. நைனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் குனிந்து பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை.