முந்திக்கொண்ட மன்னிப்பு

பாரிசில், என் தங்கையும் அவளுடைய நிறத்தைப் பழித்த வகுப்புத் தோழியும் பள்ளியில் கைகலந்தார்கள். எனக்கும் படிப்பித்த ஆசிரியை, “மன்னிப்புக் கேட்டால் இதோடு முடிந்துவிடும்” என்றார். நம்பினேன்.

“அக்கா, தொடங்கினது அவள்!” என்று தங்கை அழுதாள்.

“பெரியாக்களுக்கு முன்னாலை நியாயம் கதைக்காதை. மன்னிப்புக் கேள், பிள்ளை” என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

பள்ளி நடத்திய ஒழுங்கு விசாரணையில் தங்கை மன்னிப்புக் கேட்டாள். “அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்” என்று முதலில் சொன்னவர் அதே ஆசிரியை. நிறத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், “அரசுப் பள்ளிகளில் நாங்கள் நிறம் பார்ப்பதில்லை” என்று மறித்தார். தங்கையைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மற்றவளுக்கு வெறும் எச்சரிக்கை.

இப்போது தமிழர் கூடும் லா சப்பல் பகுதியில் யார் பிள்ளைக்கு விசாரணை என்றாலும் கூடப் போகிறேன். நடந்ததை முதலில் பிள்ளை சொல்ல வேண்டும், பிறகு சாட்சிகள். மன்னிப்பு கடைசியில்தான்.