மூன்று அலெக்ஸாண்டர்களை விசாரித்த சிவமணி

சிட்னியின் மேற்கே டூங்கபியில் இருக்கும் சிவமணி இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டிய மனுசன். ஓய்வெடுத்த பிறகு அவர் எடுத்த முழுநேர உத்தியோகம், கலியாணத்துக்கு ஆள் விசாரிக்கிறது. ஆற்ர பிள்ளைக்குச் சம்பந்தம் வந்தாலும் சரி, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு ஒரு போன், ரொறொன்ரோவுக்கு ஒரு போன், அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் அப்பப்பா பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின கதைவரைக்கும் கையில் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் மிருணாளினி ஒருநாள் ஹமிஷ் மெக்கே என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இவரைத்தான் கட்டப்போறன். ஞாயிற்றுக்கிழமை இவற்ர அப்பா சாப்பிட வாறார். அதுக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லுங்கோ" என்றாள்.

பெடியன் நல்ல பெடியன்தான், இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டான். ஆனால் ஆரிட்ட விசாரிக்கிறது? கொக்குவிலில் எந்த மெக்கே இருக்கிறான்? ஐயோ, அந்த ரெண்டு இரவும் மனுசன் படுத்த பாயைப் பிறாண்டாத குறை.

மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. ஹமிஷை மெல்ல வளைத்துக் கதை கேட்டார். அவன் வலு சந்தோசமாக வம்சாவளியை எழுதிக் கொடுத்துவிட்டான். ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு கிராமம், அங்கே ஆடு மேய்த்த ஜோன் மெக்கே, அவர் மகன் அலெக்ஸாண்டர்தான் கப்பலேறி இங்கே வந்த முதல் ஆள். அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம்.

"கடவுள் இருக்கிறார்!" என்று சிவமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் குந்திவிட்டார். மனைவி பவளம் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை கட்டியது. எழுத்தோ கோழி கிளறின மாதிரி. ஆனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் போட்ட கூச்சலில் பவளம் அகப்பையோடு ஓடி வந்தாள்.

"பிடிச்சிட்டன் பவளம்! கள்ளக் கூட்டம்! ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டில ஜோனுக்கு மகன், பேர் அலெக்ஸாண்டர். ஆயிரத்து எண்ணூற்றொண்டில அதே ஜோனுக்குத் திரும்பவும் அலெக்ஸாண்டர். நாலில இன்னொருக்கா! ஒரே தாய், ஒரே தகப்பன். ஒரே பெடியனைத் திரும்பத் திரும்பப் பதிஞ்சு வயசில ஆறைக் குறைச்சுப்போட்டாங்கள்!"

எங்கட ஆக்களுக்கு வேறென்னதான் தோன்றும்? பள்ளிக்கூடத்துக்கு, பாஸ்போட்டுக்கு, சாதகத்துக்கு என்று ஒரு வயது கூட்டி ஒரு வயது குறைக்காத வீடு எது? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பது சும்மாவா வந்தது? "அப்ப ஹமிஷுக்கு இருபத்தொன்பது எண்டதும் பொய்தானே! முப்பத்தஞ்சாவது இருக்கும்" என்று சிவமணி அடித்துச் சொன்னார். பவளம் தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹமிஷின் தகப்பன் டங்கன் கதவு நிறைய வந்து கதிரையில் இருந்தார். மனைவி போன பிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். ஆட்டுக்கறி உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். சிவமணிக்கோ சோறு இறங்கவில்லை. பதிவேட்டின் அந்த மூன்று பக்கங்களையும் அச்செடுத்து மேசையில் வைத்து, "இதுக்கு என்ன சொல்லுறியள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார்.

மிருணாளினியின் முகம் சிவந்தது. டங்கன் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"கடைசி அலெக்ஸாண்டரைத்தான் எனக்குத் தெரியும். முன்னுக்கு ரெண்டு பேர் இருந்ததே தெரியாது" என்றார். "ரெண்டும் தவறியிருக்கும். மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத் தகப்பன்ர தகப்பன் பேர் வைக்கிறது எங்கட வழக்கம். பிள்ளை தவறினா, அந்தப் பேரை அடுத்தவனுக்கு வைப்பினம். பேர் விட்டுப்போகக் கூடாது."

சிவமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு குஞ்சுகளைப் புதைத்த தகப்பனையா கள்ளன் என்று சொன்னேன்? "நான் வயசுக் களவெண்டு நினைச்சிட்டன்" என்று உண்மையைக் கக்கினார். டங்கன் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழும்பி வந்து சிவமணியை எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தார்.

"அப்ப, மூத்தவனுக்கு உங்கட பேர், டங்கன்" என்றார் பிடியிலிருந்து வெளியே வந்த சிவமணி. "ரெண்டாவது பெடியனுக்கு?"

"தாயின்ர தகப்பன் பேர்."

சிவமணி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சிவமணி மெக்கே. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். உச்சி குளிர்ந்துபோயிற்று.

"பவளம், நாள் பார்!"

"அப்பா!" என்று மிருணாளினி மேசையில் முகத்தைப் புதைத்தாள். "நாங்கள் இன்னும் கலியாணமே கட்டேல்லை!"

"அதைத்தானே பிள்ளை சொல்லுறன், கெதியாக் கட்டுங்கோ!"