கறுத்த இருபத்தோராம் நம்பர்

ஜெயந்தினியின் சொக்கெற் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முருங்கன் சந்திக்குச் சற்றுத் தள்ளி, மதவாச்சி வீதியோரம் தகரக் கூரை போட்ட கராஜ் அவளுடையது. அறுவடைக் காலம். அடம்பனிலிருந்து அலெக்ஸாண்டர் என்ற கமக்காரர் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பின்சக்கரத்து நட்டுகள் துருவேறி, சேறு காய்ந்து, கைப்பிடி போட்டுத் திருப்பினால் அசையவே மாட்டோமென்று நின்றன. ஜெயந்தினி புதிதாக வாங்கிய, நட்டுக் கழற்றும் பற்றரி இம்பாக்ற்றை எடுத்தாள். கைத்துப்பாக்கி போல இருக்கும் அந்தக் கருவிக்குக் கராஜுக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் துவக்கு. அதன் மூக்கில், நட்டின் தலையைக் கவ்வும் தன் வெள்ளைக் குரோம் சொக்கெற்றைச் செருகி, நட்டில் வைத்து அழுத்தினாள். நாலைந்து அடிதான். படாரென்று சொக்கெற் இரண்டாகப் பிளந்தது. ஒரு சில்லு அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போய்த் தகரச் சுவரில் அடித்து விழுந்தது.

அலெக்ஸாண்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிள்ளை, கண்ணிலை பட்டிருந்தால்?"

"அதுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கிறன், ஐயா," என்றாள் ஜெயந்தினி. கன்னத்தில் அரும்பிய இரத்தத்தைத் துணியால் ஒற்றிவிட்டுச் சில்லைத் தேடிப் பொறுக்கினாள். முறிந்த இடம் கண்ணாடி உடைந்தது போல மினுமினுவென்று இருந்தது. அப்படித்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் போட்டதுதான் அவளுக்கு வெட்கம்.

அந்தக் குரோம் செற்றை அவள் இந்தியாவிலிருந்து கொண்டு வந்தவள். இரண்டு வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி படகில் போனவள், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, இராமநாதபுரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வண்டி கழுவுகிற வேலைக்குப் போய், கழுவக் கொடுத்த வண்டிகளைக் கழற்றிப் பார்த்தே மெக்கானிக் ஆனவள். ஊருக்குத் திரும்புகிறபோது விமானத்தில் ஆளுக்கு இவ்வளவுதான் சாமான் என்றார்கள். அவள் சேலைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சொக்கெற் பெட்டியை உள்ளே வைத்தாள். அவள் கணவன் பிரதீபன் அதை இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். அவன் ஓட்டோ ஓடுகிறவன். அவனும் அதே முகாமில் வளர்ந்தவன்தான்.

மறுநாள் இருவரும் மன்னார் ரவுணுக்குப் போனார்கள். அப்துல் ஹமீட்டின் கடையில் ஆணியிலிருந்து நங்கூரம் வரை எல்லாம் இருக்கும். ஹமீட் அவளைக் கண்டதும் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பெரிய பெட்டியை மேசையில் விரித்தார். நூற்றெட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றும் அதனதன் குழியில் படுத்துக்கொண்டு, நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னியது.

"தங்கச்சி, இதுக்கு மேலை மன்னாரிலை கிடையாது. பாருங்கோ, முகம் தெரியுது."

முகம் தெரிந்தது உண்மைதான். ஜெயந்தினி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். மினுக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பிரதீபனுக்கும் பெட்டி பிடித்துவிட்டது. "இதையே எடுப்பம்," என்றான்.

அவள் மனசில்லாமல்தான் அதைத் திரும்ப வைத்தாள். "நானா, துவக்குக்குப் போடுற கறுத்தது இருக்கோ?"

ஹமீட் உள்ளே போய் இரண்டு பெட்டிகளோடு வந்தார். இரண்டிலும் பத்துப் பத்துச் சொக்கெற்றுகள், கரிக்கறுப்பு. ஒன்றின் விலை மற்றதில் பாதிதான். ஜெயந்தினி இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துச் சுவரின் தடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தாள். "கொஞ்சம் சுரண்டிப் பாக்கலாமோ?"

"சுரண்டுங்கோ."

விலை குறைந்ததை உள்விளிம்பில் சுரண்டினாள். கறுப்பு உரிந்து, அடியில் வெள்ளிக் கீற்று ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஹமீட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"குரோமுக்கு மேலை மை பூசியிருக்கிறான்," என்றார் ஆச்சரியத்தோடு. "எனக்கு வித்தவன் வரட்டும்." அந்தப் பெட்டியை மூடி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மற்றதைச் சுரண்டினாள். உள்ளேயும் மங்கிய கறுப்புத்தான். சுவரும் நல்ல தடிப்பு.

"அடுப்புக்குள்ளை இருந்து எடுத்த மாதிரிக் கிடக்கு," என்றான் பிரதீபன். "இதிலை என்ன விசேஷம்?"

"வெள்ளை கடும் இரும்பு. கையாலை திருப்பினால் ஆயுசுக்கும் கிடக்கும். ஆனால் துவக்கு திருப்பிறேல்லை, அடிக்கிறது. ஒரு நிமிசத்திலை ஆயிரம் தரம் அடிக்கும். கறுப்பு கொஞ்சம் இளகின சாதி. அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும்."

"அப்ப வெள்ளையை எறியப் போறியோ?"

"ஏன் எறியிறது? கறுப்புத் தடிச்சது, ஒடுக்கமான இடத்துக்குள்ளை போகாது. அங்கை வெள்ளைதான் வேணும். ரெண்டும் ரெண்டு வேலை."

ஹமீட் சிரித்தார். "தம்பி, கேட்டுக்கொண்டியளோ? கடையிலை நிக்க வேண்டியது நானில்லை, உங்கடை மனிசி."

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பிரதீபனின் ஃபோன் அடித்தது. சந்தியோகு என்ற வாடகை வான்காரன். "மச்சான், கல்யாணப் பொம்பிளையோடை நடுரோட்டிலை நிக்கிறன். பத்து மணிக்குத் தாழ்வுபாட்டிலை பூசை. உயிலங்குளத்துக்கு இங்காலை. ஆரும் மெக்கானிக் இருந்தால் அள்ளிக்கொண்டு வா."

"என்ரை வீட்டிலையே ஒராள் இருக்கு," என்றான் பிரதீபன்.

கால் மணித்தியாலத்தில் ஓட்டோ அங்கே போய் நின்றது. இரண்டு பக்கமும் அரிவி வெட்டிய வயல். வீதியோரத்தில் பூச்சரம் கட்டிய வெள்ளை வான். மரநிழலில் பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாகப் பத்துப் பேர். பெண்ணின் தகப்பன் மில்ரன் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த நீலக் களிசானும் ஏப்ரனுமாக ஜெயந்தினி இறங்கினாள்.

"மெக்கானிக் எங்கை?" என்றார் மில்ரன்.

"நான்தான், அண்ணை. என்ன சத்தம் கேட்டது?"

மில்ரன் சந்தியோகுவைப் பார்த்தார். சந்தியோகு பிரதீபனைப் பார்த்தான். பிரதீபன் வானத்தைப் பார்த்தான்.

முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் கேட்டதாம், பிறகு சக்கரம் இறுகிப்போய் வான் நின்றுவிட்டதாம். கழற்றிப் பார்க்கலாமென்றால் நட்டுகள் அசையவில்லை. போன கிழமை ரயர் மாற்றியபோது மெசினால் இறுக்கிவிட்டார்கள். சந்தியோகு கம்பியின் மேல் ஏறி நின்று குதித்ததில் கம்பிதான் வளைந்தது.

ஜெயந்தினி துவக்கில், புதிதாக வாங்கிய கறுத்த இருபத்தோராம் நம்பர்ச் சொக்கெற்றைச் செருகினாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ." நட்டில் வைத்து அழுத்தினாள். தடதடவென்று வயல்வெளி அதிர்ந்தது. கொக்குக் கூட்டம் ஒன்று எழும்பிப் பறந்தது. முதல் நட் முரண்டு பிடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்தாள். கருவி மணிக்கட்டை உலுப்பியது. சொக்கெற் கொதித்தது, ஆனால் கம்மென்று இருந்தது. திடீரென்று சத்தம் மெல்லிசாகி நட் சுழலத் தொடங்கியது. மற்ற நாலும் வரிசையாகக் கழன்றன. ஜக் போட்டுச் சக்கரத்தை இழுத்தெடுத்தாள்.

உள்ளே, சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கலிப்பரின் கீழ்ப் போல்ற் எங்கோ விழுந்து போயிருந்தது. கலிப்பர் ஒரு பக்கமாக எழும்பிப் போய் ரிம்மோடு முட்டிக்கொண்டு நின்றது. அவள் பழைய போல்ற் போட்டு வைக்கும் ரின்னைக் கவிழ்த்தாள். இரண்டு பொருந்தவில்லை. மூன்றாவது மரை பிடித்து உள்ளே போனது. அதை இறுக்க வேண்டிய இடமோ ஒடுக்கம். தடித்த கறுப்பு அங்கே நுழையாது. பதினாலாம் நம்பர் வெள்ளையை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினாள். ஆனால் உள்ளே இருட்டு, போல்ற்றின் தலை தெரியவில்லை.

"யாராச்சும் லைட் பிடிங்க!" வேலை மும்முரத்தில் அவளுக்கு இராமநாதபுரப் பேச்சு வந்துவிடும்.

மரநிழலிலிருந்து மணப்பெண் சுவேதினி எழுந்து வந்தாள். நிலத்தில் இழுபட்ட முக்காட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சக்கரத்தடியில் குந்தி, ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

"பிள்ளை, சேலை பழுதாகும்," என்று மில்ரன் பதறினார்.

"பழுதானால் கழுவலாம், அப்பா. பூசை முடிஞ்சால் என்ன செய்யிறது?" என்றாள் அவள். பிறகு ஜெயந்தினியிடம், "இங்கையோ, அக்கா? இன்னும் கிட்டப் பிடிக்கட்டோ?"

"அப்பிடியே பிடியுங்கோ. அருமை."

கிளிக், கிளிக், கிளிக். வெள்ளைச் சொக்கெற் அந்த ஒடுக்கத்துக்குள் சுகமாகத் திரும்பியது. ஜெயந்தினிக்கு முழங்கை நிமிர்த்த இடமில்லை, ஆனாலும் போல்ற் இறுகுவது விரல் வரை தெரிந்தது. இரண்டு பெண்களின் தலையும் சக்கரத்தடியில் முட்டிக்கொண்டன. மணப்பெண்ணின் மல்லிகையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து பிரேக் தட்டில் விழுந்தது. சுவேதினிக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து ஜெயந்தினிக்கும் சிரிப்பு வந்தது. வெளியே நின்றவர்களுக்கு உள்ளே என்ன பகிடி என்று விளங்கவில்லை.

ஒன்பதே காலுக்குச் சக்கரம் திரும்பப் பூட்டியாயிற்று. ஜெயந்தினி கருவிகளைப் பொறுக்கத் தொடங்கியபோது மில்ரன் வந்து முன்னால் நின்றார்.

"தங்கச்சி, நான் முதலிலை அப்பிடிக் கேட்டதை மனசிலை வைக்காதையுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் எங்களோடை வாங்கோ. வழியிலை திரும்பவும் நிண்டால் நான் ஆரைத் தேடுறது?"

"இந்த உடுப்போடையோ?"

"சேலையோடை வந்தவை பத்துப் பேர் இருக்கினம். வானைத் திருத்தினது நீங்கள்தானே."

வானுக்குப் பின்னாலேயே ஓட்டோ போனது. தள்ளாடிச் சந்தி தாண்டி, கடலுக்கு நடுவே போகும் பாலத்தில் ஏறியதும் காற்று உப்போடு முகத்தில் அடித்தது. சந்தியோகு சும்மா சும்மா ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். ஜெயந்தினியும் பிரதீபனும் சைவக்காரர். ஆனாலும் தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகையில், எண்ணெய்க் கையை மடியில் ஒளித்துக்கொண்டு அவள் இருந்தாள். சுவாமியார் சரியாகப் பத்துக்குப் பூசையைத் தொடங்கினார். சம்மதமா என்று அவர் கேட்க, சுவேதினி "ஓம்" என்று சொன்னபோது ஜெயந்தினிக்குக் கண் கலங்கியது. பிரதீபன் கைலேஞ்சியை நீட்டினான்.

சாப்பாட்டு மண்டபத்தில் சுவேதினி தானே வந்து அவளைக் கையில் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள். படப்பிடிப்பாளர், "அக்கா, அந்த ஏப்ரனைக் கழற்றிறியளோ?" என்றார்.

"கழற்ற வேண்டாம்," என்றாள் மணப்பெண்.

மாப்பிள்ளை றொசாந்தன் தாழ்வுபாட்டு மீனவன். நடந்ததையெல்லாம் பெண் அதற்குள் காதோடு சொல்லியிருந்தாள் போலும். படம் எடுத்து முடியும் வரை பொறுத்திருந்தவன், மெல்லக் கேட்டான்: "அக்கா, படகு எஞ்சினும் பாப்பியளோ? கடலுப்பிலை நட்டெல்லாம் இறுகிக் கிடக்கு."

"இண்டைக்குக் கேக்கிற கேள்வியே இது?" என்று சுவேதினி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஜெயந்தினி இரண்டாவது கேக் துண்டை வாய்க்குள் வைத்தபடி தலையாட்டினாள். "வியாழக்கிழமை வாறன்."

சொன்னபடியே போனாள். றொசாந்தனின் எஞ்சினைத் திருத்திக்கொண்டிருக்கையில் பக்கத்துப் படகுக்காரர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். இப்போது வியாழக்கிழமைகளில் முருங்கன் கராஜ் பூட்டு. அன்றைக்கு அவள் தாழ்வுபாட்டுக் கரையில், மணலில் சாக்கை விரித்து, ஒரு பக்கம் கறுப்பையும் ஒரு பக்கம் வெள்ளையையும் அடுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வாள். பிரதீபன் பொரித்த மீனும் சோறும் வாங்கிக்கொண்டு வருவான்.