ஐந்து புள்ளி, நாலு கட்டம்

கோலத்தில் ஒரு வரிசைக்கு ஐந்து புள்ளி என்றால் அவற்றைச் சேர்த்து வரையும் சதுரத்தின் பக்கமும் ஐந்துதான் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் நாட்டுக்கு நஷ்டமில்லை. குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, டியூஷன் வைத்து, அதைச் சொல்லியும் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை கிடைக்காத பி.எஸ்ஸி. பரப்பளவு கேட்டால் பிள்ளைகள் நீளத்தையும் அகலத்தையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை புள்ளி வைத்து, ஓரப் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தேன்.

"ஐயஞ்சு இருபத்தஞ்சு. இதான் பரப்பளவு. எவ்ளோ ஈஸி பாத்தீங்களா?"

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார், உள்ள கட்டம் போட்டா பதினாறுதான் சார் வருது."

"கோலம் போடறவங்க புள்ளிய எண்ணுவாங்களா, ஓட்டைய எண்ணுவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அவள் அம்மா ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை செய்தார். தாம்பரத்துப் பெரிய பள்ளி ஒன்றில் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இலவசப் படிப்பு. "உங்களத்தான் சார் நம்பிகினு இருக்கேன்" என்று சொல்லியிருந்தார்.

தேர்வன்று காலை மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே வீட்டுக்கார அக்கா வாசலில் புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் இணைத்துக் கட்டங்களுக்குக் கலர்ப்பொடி தூவிக்கொண்டிருந்தார். எண்ணினேன். வரிசைக்கு ஐந்து புள்ளி, நாலு கட்டம். பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

லுங்கியோடு சைக்கிளை ஜி.எஸ்.டி. ரோட்டில் விரட்டினேன். பள்ளிக் கதவு சாத்தியிருந்தது.

"இன்னா சார், நீயும் பரீச்ச எழுதப்போறியா?" என்றார் வாட்ச்மேன்.

முதலில் வெளியே வந்த பிள்ளையிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் மேல் வரைந்த சதுரம், வரிசைக்கு ஐந்து புள்ளி, பரப்பளவு என்ன? அவள் வருவதற்குள் சைக்கிளைத் திருப்பினேன்.

ரிசல்ட் வந்த அன்று அம்மாவும் மகளும் தெருமுனையில் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்தேன். அம்மா கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அடிக்க வருகிறவர்கள் செருப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்களா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, "இல்லைன்னு சொல்லுங்கக்கா" என்று கீழே கிசுகிசுத்தேன்.

அக்கா பொய்க்குப் பழக்கப்படாதவர். "சார் இல்லைன்னு சொல்லச் சொன்னாரும்மா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அவர்கள் போனதும், அக்கா வாயைத் திறப்பதற்குள் வண்டலூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்த்துவிட்டார். ஆணி நிறுப்பதில் யாருடைய படிப்பும் கெடாது. பிறகு நான் யாருக்கும் பாடம் சொல்லித்தரவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பெட்டியை எடுக்கக் குரோம்பேட்டைக்குப் போனேன்.

"அன்னிக்குக் கேசரி கொண்டாந்தாங்க சார்" என்றார் அக்கா. "கெட்டுப்போயிடுமேன்னு நாங்களே சாப்ட்டுட்டோம். பொண்ணு பாஸாம். 'கட்டத்ததான் எண்ணுனேன், பதினாறுன்னுதான் எழுதுனேன், சார் கோச்சுக்கக் கூடாது'ன்னு சொல்லச் சொல்லிச்சு. இப்ப தாம்பரத்துல ஸ்கூல் பக்கத்துலயே வீடு மாத்திகினு போயிட்டாங்க."

பெட்டியோடு ரயில் ஏறினேன். தாம்பரத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. நான் இறங்கவில்லை.