துணிக்கு ஒண்டுமில்ல உம்மா

போன வருடம், நோன்பு இருபது கழிந்த ஒரு பின்னேரம். கல்முனைக்குப் பக்கத்தில், கடற்கரையோரமாக இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் என் மகள் அபாயா தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பெருநாளைக்குள் முடிக்க வேண்டிய துணிகள் கதிரை நிறையக் கிடந்தன. அவற்றில் ஏழு, என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகளுடையவை. ஆசிரியர் அறையில் வைத்து, "என்ட மகள் எப்படியும் தெச்சுத் தருவாள்" என்று பெருமையாக வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

நான் படிப்பிப்பது சுகாதாரமும் உடற்கல்வியும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்குத் துணிவு வராது.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே விரல் விறைக்கிறது என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியப்புறம் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது கையை உதறிக்கொண்டே வருவாள். இரண்டு தடவை தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

"எந்த நேரமும் போனத் தேய்ச்சா விறைக்காம என்ன செய்யும்?" என்றேன்.

"போன் பாக்க எனக்கெங்க உம்மா நேரம்?" என்று சிரித்தாள்.

நான் எண்ணெய் பூசி நன்றாகத் தேய்த்து, மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அதன் பிறகு அவள் என்னிடம் முறைப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டாள். சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அன்று அவள் தையல் ஓரங்களை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். வலது கைக்குள் அயன் நிற்காமல் வழுக்கியதால் அதை இடது கைக்கு மாற்றியிருந்தாள். வலது கை விரல்களால் துணியை விரித்துப் பிடித்திருந்தாள். நான் நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கருகும் மணம் வந்தது.

"துணி கருகுது புள்ள! அது டீச்சர்ட துணி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் பதறிப்போய்த் துணியைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"துணிக்கு ஒண்டுமில்ல உம்மா" என்றாள், பெரிய ஆறுதலோடு.

அப்போதுதான் இருவரும் கண்டோம். அவளுடைய சுட்டுவிரலின் ஓரம் வெந்து வெள்ளையாகிக் கிடந்தது. அவள் அதை யாரோ ஒருவரின் விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுட்டதே தெரியவில்லை.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இளவயதுப் பெண் டொக்டர் ஒருவர் காயத்துக்கு மருந்து கட்டச் சொல்லிவிட்டு, மகளின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"எந்தெந்த விரல் விறைக்குது தங்கச்சி?"

"பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். சின்ன விரலுக்கு ஒண்டுமில்ல டொக்டர்."

"நித்திரையில எழும்பி உதறுறீங்களா?"

"ஓம். இப்ப ஒவ்வொரு நாளும்."

பக்கத்து அறையில் படுக்கும் எனக்கு அது தெரியாது.

மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசிபடுகிறது என்று டொக்டர் விளக்கினார். எப்படி இருந்து தைப்பாள், எத்தனை மணித்தியாலம் தைப்பாள் என்றெல்லாம் கேட்டார். தாழ்வான கதிரை, மெஷின் பலகையின் விளிம்பில் அழுந்தியபடி மடிந்தே இருக்கும் மணிக்கட்டு, இடையில் எழும்பாமல் காலையிலிருந்து பின்னேரம் வரை வேலை என்று மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தேய்த்ததையும் இறுக்கிக் கட்டியதையும் சொன்னபோது, அது இன்னும் நசித்திருக்கும் என்று டொக்டர் தலையை ஆட்டினார். கவனிக்காமல் விட்டிருந்தால் பெருவிரலின் அடிச்சதை வற்றி, ஊசிகூடப் பிடிக்க முடியாமல் போயிருக்குமாம். கை பழையபடி வருமா என்று கேட்டேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன செய்றீங்க அம்மா?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

அந்த வாரம்தான் வகுப்பில் 'சரியான கொண்ணிலை' என்று கரும்பலகையில் எழுதி, முதுகு எப்படி இருக்க வேண்டும், கை எப்படி இருக்க வேண்டும் என்று படம் கீறிக் காட்டியிருந்தேன். வளைந்து இருந்த பிள்ளைகளை அதட்டி நிமிர்த்தியிருந்தேன்.

"தமிழ்" என்றேன்.

நோன்பு வாயால் பொய் சொன்னேன், அதுவும் பெற்ற பிள்ளையின் முன்னால். மகள் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் ஏழு துணிகளையும் பாடசாலைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். மற்றொருவர், தனக்கும் அப்படித்தான் விறைக்கிறது என்று கையை நீட்டினார். மகள் தையலை நிறுத்தி, நித்திரையில் மணிக்கட்டு மடியாமலிருக்கப் பட்டி போட்டு, சொல்லிக் கொடுத்த பயிற்சிகளையும் செய்தாள். சில மாதங்களில் விறைப்புக் குறைந்தது. ஆனாலும் அந்தச் சுட்டுவிரல் நுனியில் இன்னும் முழுதாக உணர்வு வரவில்லை.

இப்போது உயரமான கதிரையில் இருந்து, கொஞ்சமாகத்தான் தைக்கிறாள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நான் போய், "எழும்பு மகள், கைய நீட்டு" என்பேன்.

"ஓம் தமிழ் டீச்சர்" என்று எழும்புவாள்.

அவள் பகிடியாகத்தான் சொல்கிறாள். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். ஆனால், கருகிய மணம் வந்த நேரம் நான் முதலில் பார்த்தது துணியைத்தான் என்பதும், அவளும் முதலில் துணியைத்தான் பார்த்தாள் என்பதும் நினைவுக்கு வரும்போதெல்லாம், அதை அவளுக்குப் படிப்பித்தவள் நான்தானே என்று உள்ளே கூசிப்போகிறேன்.