மார்பில் போட்ட ஊதாக் கோடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. மார்பில் இருப்பது புற்று, அறுத்துத்தான் எடுக்கணும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட முதலில் எனக்கு அழுகை வரவில்லை. "ஊர்ல எத்தனை பேரு இருக்காவ, எனக்கு மட்டும் எதுக்குங்கேன்?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். எனக்கு அப்போது முப்பத்தி நாலு வயது. மகளுக்கு ஆறு முடியவில்லை, சடை பின்ன நான்தான் வேணும் அவளுக்கு.

அறுத்தார்கள். இடது பக்கம் பலகை மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் தொட்டது தெரியாது, மரத்துப்போய்க் கிடந்தது. அந்தப் புண் ஆறினதும் டாக்டர் அடுத்த குண்டைப் போட்டார். உள்ளே வேர் ஏதாவது மிச்சம் இருந்தால் கருக்கணும், அதற்கு இருபது தடவை கரண்டு வைக்கணும். சனி, ஞாயிறு விட்டு மற்ற எல்லா நாளும் வரணும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. இருபதையும் முடித்தால் பிழைக்க வழி உண்டு, நடுவில் விட்டால் செய்தது அத்தனையும் வீண் என்றார்.

நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கரண்டு கிடையாது. விளக்குக்கே வராத கரண்டு என் நெஞ்சுக்கு வரப் போகிறது என்றதும் தெருவே கூடிவிட்டது! ஆளாளுக்குக் கேள்வி. மிஷன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகணும், இவளைத் தனியே விடக் கூடாது என்று பெண்கள் அங்கேயே முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் சர்ச்சுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அந்த மாசப் பிடியரிசி முழுக்க எங்கள் அடுக்களைக்கு வந்தது. "கர்த்தர் ஒரு மாசம் பொறுத்துக்கிடுவாரு, நீ சாப்பிடு" என்றாள் ஒருத்தி.

முதல் நாள் கூட வந்தது பக்கத்து வீட்டு அக்கா. மயிலாடியில் பிறந்தவள், அப்பா சாமி சிலை கொத்துகிறவர். டாக்டர் என்னைப் படுக்கவைத்து, அளவுகோலும் ஊதா மையுமாக நெஞ்சில் கோடு போட ஆரம்பித்தார். அரை நாள் ஆயிற்று. அந்தக் கட்டத்துக்குள்தான் கரண்டு விழணுமாம், தள்ளி விழுந்தால் நல்ல சதையும் கருகுமாம். "கோடு அழியக் கூடாது. சோப்பு போட்டுக் குளிக்காதே, அம்மா" என்றார். அக்கா கண் கொட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெஷின் ஓடும்போது எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவை அடைத்துவிடுவார்கள். தலைக்கு மேலே அது உறுமும். ஐயோ, எனக்குப் பயம்! அக்கா முறை வரும் நாளெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டை கிழியக் கத்துவாள்: "மக்கா, நான் இங்கனதான் நிக்கேன்!" நர்சம்மா அதட்டினாலும் அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டு முடிந்தபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. தோல் கறுத்து எரிந்தது. கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, "இனி நான் போகமாட்டேன், சவத்த விடுங்க" என்று பாயில் சுருண்டுவிட்டேன். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"கரண்டு வச்ச உடம்பு கொதிச்சுல்லா கெடக்கு. எண்ணெய் தேச்சுக் குளிச்சாச் சூடு எறங்கும். எந்திரிட்டி."

"டாக்டர் குளிக்கக் கூடாதுன்னாரே அக்கா!"

"சோப்புதானே கூடாதுன்னாரு? இஞ்சை என்ன சோப்பா?"

நியாயமாகத்தான் பட்டது எனக்கும். இஞ்சை வெறும் மரப்பட்டை, இடித்து நாராக்கி நாங்கள் பிறந்ததிலிருந்து தேய்த்துக் குளிப்பது. அக்கா தேங்காயெண்ணெயைத் தடவி, இஞ்சையால் பூப்போல ஒற்றி எடுத்து, தண்ணீர் ஊற்றினாள். ஆகா, என்ன சுகம்! கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். திறந்து பார்த்தால் காலடியில் ஊதாத் தண்ணீர் ஓடுகிறது.

நான் போட்ட கூச்சலில் தெரு திரண்டது. அக்கா வாயில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார். மறுநாள் சர்ச்சில் என் கோட்டுக்காகச் சபையே ஜெபம் பண்ணியது. போகமாட்டேன் என்று முந்தின நாள் சொன்னவளுக்கு இப்போது போயே ஆகணும் என்று உயிர் துடித்தது. பிழைக்கணும் என்று எனக்கு இவ்வளவு ஆசை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். அதுவரை சத்தம் போட்டுப் பேசாத மனிதர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"நோட்டில் படம் இருக்கிறது. ஆனால் அளந்து போட மறுபடி அரை நாள் வேண்டும். வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள்! இன்று முடியாது, நாளை பார்க்கலாம்."

"ஒரு நாளும் தவறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" நானும் கத்தினேன்.

அப்போதுதான் அக்கா முன்னால் வந்தாள். "அழிச்சது நான். திரும்பப் போட்டுத் தாறதும் நாந்தான். மையை எடுங்க."

"நீ யார்?"

"கல்லுக்கொத்தன் மவ. எங்க அப்பா கல்லுல காவியால கோடு போடுவாரு. உளி பட்டதும் கோடு போயிரும். திரும்பப் போட்டுக் குடுத்தது அம்புட்டும் நான்."

டாக்டர் பதில் சொல்லுமுன்னே அவள் விரல் என் மேல் வந்துவிட்டது. "கழுத்தெலும்புல இருந்து நாலு விரக்கடை. இந்த மச்சத்துக்கு ஒரு நெல்லு தள்ளி." அவர் அரை மனசாக நோட்டைப் பிரித்து அளந்தார். சரியாக இருந்தது! அடுத்த புள்ளியும் சரி. அதற்கடுத்ததும். வாசலில் நர்சுமார் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசிப் புள்ளியில் டாக்டர் தலையை ஆட்டினார். "இது தப்பு."

"தப்பில்ல. அன்னைக்கு இவ மூச்சைப் பிடிக்காமல்லா கெடந்தா? இப்போ பிடிச்சிருக்கா. ஏட்டி, மூச்சை விடு!"

விட்டேன். டாக்டர் மறுபடி அளந்தார். பிறகு மைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு! அன்றைக்கே பதின்மூன்றாவது கரண்டு வைத்தாயிற்று. அதற்குப் பிறகு மற்றவர்களுடைய முறையையெல்லாம் அக்காவே பிடுங்கிக்கொண்டாள். இருபதும் முடிந்தது.

கறுத்த தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை காத்திருந்து, இனி எண்ணெய் தேய்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா கிண்ணத்தோடு வந்தாள். வந்தவள் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு சும்மா நின்றாள்.

"எனக்குப் பயமாட்டு இருக்கு மக்கா."

"இனி அழிய என்ன கோடு இருக்கு? தேச்சு விடுங்க அக்கா!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தை நான்கூடத் தொட மனசில்லாமல் இருந்தேன், அதுதான் உண்மை.

அவள் கையை வைத்தாள். வைத்தது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கை மெல்ல நகர்ந்து தழும்பின் ஓரத்துக்கு வந்தது. உடம்பு திடுக்கென்று துள்ளிற்று.

"வலிக்குதாட்டி?" என்று பதறினாள்.

"இல்லக்கா. கூசுது."

"என்னது?"

"கூசுது! கையை எடுங்க!"

அவள் எடுக்கவில்லை. மறுபடி அதே இடத்தில் தொட்டாள், நான் மறுபடி துள்ளினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்தது. கண்ணீர் யாருக்கு முதலில் வந்தது என்று தெரியாது. சத்தம் கேட்டு என் மகள் பாதி பின்னின சடையோடு ஓடிவந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்க அம்மைக்குக் கூசுதாம் மக்கா!" என்றாள் அக்கா, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி.